பிரித்துக் கொடுக்கும் பழக்கம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது? (குடியிருப்பு மறுசுழற்சி – விவாத இழை)

வேப்பமரம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தபோது முக்கால்வாசி வீடுகள் சேர்ந்தன. மட்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு தொட்டி. இப்போது உலர் தொட்டியைத் திறந்தால் மேலே அட்டைப்பெட்டி இருக்கிறது, அடியில் வாய் கட்டிய பையில் ஈரக் குப்பை இருக்கிறது. யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. நோட்டீஸ் ஒட்டினோம், கூட்டம் போட்டோம், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். எல்லோரும் வந்தார்கள், கைதட்டினார்கள். தொட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

அபராதம் போட்டால்தான் சரிவரும் என்கிறார்கள் சிலர். பரிசு கொடுப்போம் என்கிறார்கள் சிலர். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தெருக்காரர்களே தொடங்கி வருடக்கணக்கில் நீடித்து நிற்கிற முயற்சிகள் உலகத்தில் இருக்கின்றன. அவை எதனால் நிற்கின்றன? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனி இழையில் பேசிக்கொள்ளலாம், இங்கே நம் கையில் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

எடைத்தட்டு

வணக்கம்ங்க. பழைய பொருள் வாங்கிப் பிரிச்சு விக்கிற தொழில்ல இருக்கேன். மூட்டை எங்க கிடங்குக்கு வந்ததுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு சொல்றேன், அதுல உங்க கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

மொதல்ல தரையில கொட்டுவோம். அட்டை ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், வெள்ளைத்தாள் தனி. அப்புறம் பிளாஸ்டிக். தண்ணி பாட்டிலோட அடியில முக்கோணத்துக்குள்ள 1னு போட்டிருக்கும், அது பெட் (PET)ங்கற பிளாஸ்டிக் வகை. ஷாம்பு டப்பா மாதிரி கெட்டியா, மங்கலா இருக்கறது 2. மூடி பெரும்பாலும் 2 இல்லன்னா 5. பாட்டிலோட மூடி சேர்ந்து அரைபட்டாலும் பயமில்ல. தண்ணித் தொட்டியில போட்டா பெட் மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், வழிச்சு எடுத்துடலாம். ஆனா 3ஆம் நம்பர் பிவிசி இருக்கு பாருங்க, அதுவும் பெட் மாதிரியே மூழ்கும். பெட் உருகற சூட்டுல பிவிசி கருகிப் போயிடும். கொஞ்சம் கலந்தாலே போதும், மொத்த லாட்டும் பழுப்படிச்சுடும். அதான் எங்க ஆளுங்க ஒவ்வொண்ணா கையில எடுத்து, நசுக்கிப் பார்த்து, அந்தச் சத்தத்துலயே இது எதுன்னு சொல்லுவாங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய எதிரி ஈரம். மிச்சம் மீதி ஊத்தின பை ஒண்ணு உள்ள இருந்தா அதச் சுத்தி இருக்கற காகிதம் அத்தனையும் போச்சு. எண்ணெய் ஊறின அட்டையும் ஆகாது. காகித ஆலையில தண்ணியில ஊறவெச்சுத்தான் கூழாக்கறாங்க, மத்த அழுக்கு போனாலும் எண்ணெய் போகாது. பில் மெஷின்ல வர்ற வழவழப்பான சீட்டையும் காகிதத்தோட போடாதீங்க.

இதெல்லாம் நோட்டீஸ்ல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. உங்க வீடுகள்ல இருந்து ஒரு பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு ஏதாவது ஒரு கிடங்குக்குப் போங்க. உக்காந்து பிரிக்கிறவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் இருந்து பாருங்க. நான் பார்த்தவரைக்கும், அப்படி வந்து பார்த்துட்டுப் போனவங்க மூட்டை சுத்தமாத்தான் வரும்.

கயல்

எடைத்தட்டு அண்ணா, ரொம்ப நன்றி. மூழ்கும் மிதக்கும் விஷயம் எனக்குப் புதுசு.

வேப்பமரம், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் குடியிருப்பில் பிரித்துப் போடுகிற குப்பை எங்கே போகிறது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், நாங்கள் முன்பு இருந்த இடத்தில் இந்த முயற்சி ஒரே காலையில் செத்துப்போனது. இரண்டு தொட்டியையும் ஒரே வண்டியில் கவிழ்த்ததை மாடியிலிருந்து யாரோ செல்போனில் படம் எடுத்து குழுவில் போட்டுவிட்டார்கள். மாற்று வண்டி என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் கதை முடிந்துவிட்டது. அதுவரை டப்பாவைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்த பெரியவர் ஒருவர், "நான் கழுவினது எதுக்கு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் ஒரே பையில்தான் போட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. உழைப்பு வீணாகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு யார் தொடர்வார்கள்?

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. இல்லாதது நம்பிக்கை.

தரவுப்பித்தன்

கயல் சொன்னதற்கு ஓர் உதாரணம்: ஜப்பானின் தொகுஷிமா மாகாணத்தில் இருக்கும் கமிகாட்சு. 1,500க்கும் குறைவானோர் வாழும் மலை ஊர். குப்பையை எரிக்கும்போது வரும் டையாக்சின் என்ற நச்சுக்கான விதிகள் கடுமையானபோது அங்கிருந்த எரியுலைகளைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. 2003இல் குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று அறிவித்தார்கள். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வண்டி கிடையாது. கொண்டுபோய் நிலையத்தில் அவரவரே போட வேண்டும்.

நாற்பதுக்கும் மேற்பட்ட வகை என்பதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அங்குள்ள பலகைகள். ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை இருக்கிறது. இந்தப் பொருள் எங்கே போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, அனுப்ப ஊருக்கு எவ்வளவு செலவாகிறது அல்லது எவ்வளவு வருமானம் வருகிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். போடுகிற கைக்கு எதிரிலேயே கணக்கு. இப்படியாகக் குப்பையில் சுமார் 80% மறுசுழற்சிக்குப் போகிறது. டயாப்பர், தோல் செருப்பு போன்ற மிச்சத்துக்கு அவர்களுக்கும் வழி கிடைக்கவில்லை.

இன்னொன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த இரண்டு கள ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். 1991இல் வெளியான ஒன்றில் சில வீடுகளுக்குத் துண்டறிக்கை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில வீடுகளுக்கு அதே தெருவில் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்துவந்த அண்டை வீட்டுக்காரர் நேரில் போய்ச் சொன்னார். அண்டை வீட்டார் சொன்ன இடத்தில்தான் அதிகம் பேர் சேர்ந்தார்கள். 1999இல் வெளியான மற்றொன்றில், உங்கள் தெருவில் இந்த வாரம் எவ்வளவு சேர்ந்தது என்று எழுதிய அட்டையை வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள். பங்கேற்பு கூடியது. பிரிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோளும், எப்படிப் பிரிப்பது என்ற தகவலும் மட்டும் கிடைத்த வீடுகளில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை.

அதனால் ஓவியப் போட்டியை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தொட்டியை மாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

நேர்கோடு

உங்கள் எல்லோர் அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். 2015 வரை உலகத்தில் உருவான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9% மட்டுமே மறுசுழற்சிக்குப் போனது என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. பல பணக்கார நாடுகள் "மறுசுழற்சி" என்று பிரித்துச் சேர்த்ததைக் கப்பலேற்றி சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2018இல் சீனா கலப்பட வரம்பை 0.5% என்று இறுக்கியதும் அந்த ஊர்களில் கட்டுக் கட்டாகத் தேங்கியது. இத்தனைக்கும் அங்கே மக்கள் ஒழுங்காகப் பிரித்தவர்கள்தான்.

ஒரு பிஸ்கட் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக். ஒட்டியிருக்கும் அந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு பொருளின் மதிப்பைவிட அதிகம். இதை உற்பத்தி செய்தவனை விட்டுவிட்டு, வாங்கியவளைக் கழுவு, காயவை, பிரி என்று வதைப்பது என்ன நியாயம்? வீட்டில் இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது என்பதும் நமக்குத் தெரியும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டை ஜெர்மனி 2003இல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கும் சட்டமாக்கியது. அப்படி ஒரு சட்டம் செய்யும் வேலையைப் பத்தாயிரம் தெருக்கூட்டங்கள் செய்யாது.

வேப்பமரம்

நேர்கோடு, நீங்கள் சொல்வதில் எதையும் மறுக்க மாட்டேன், "என்ன நியாயம்" என்ற கேள்வி உட்பட. ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை தொட்டி நிறைந்துகொண்டேதானே இருக்கும்?

கயல் கேட்டதற்குப் பதில்: தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டி வருகிறது, எடுத்துப் போகிறது.

மருதம்

நேர்கோடும் வேப்பமரமும் எதிரெதிர்ப் பக்கம் நின்று பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தாலியில் டஸ்கனி பகுதியில் கபன்னோரி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே எரியுலை வரப்போகிறது என்றதும் ரோசானோ எர்கோலினி என்ற பள்ளி ஆசிரியர் ஊரைத் திரட்டி எதிர்த்தார், திட்டம் நின்றது. எரியுலை வேண்டாம் என்றால் குப்பையை என்ன செய்வது? அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2005இல் சில பகுதிகளில் வீடு வீடாகத் தனித்தனியே சேகரிக்க ஆரம்பித்தார்கள். 2007இல், ஐரோப்பாவிலேயே முதலாக, குப்பையில்லா நகரத் திட்டத்தில் கையெழுத்திட்டது அந்த ஊர். சில ஆண்டுகளில் பிரித்துச் சேகரிப்பது 80%ஐத் தாண்டியது. எர்கோலினிக்கு 2013இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இதுவரை சொன்னது பலரும் சொல்வது. எனக்குப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்த காரியம். பிரித்ததெல்லாம் போக மிஞ்சுகிற பை இருக்கிறதல்லவா, எதற்கும் ஆகாதது என்று கட்டிப் போடும் பை, அதைத் திறந்து கொட்டி என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். காப்பி கேப்சூல்கள் நிறைய இருந்தன. அதைத் தயாரித்த நிறுவனங்களுக்கே, இதை மாற்றி வடிவமையுங்கள் என்று எழுதினார்கள். டயாப்பர்கள் நிறைய வந்தன. துவைத்துப் பயன்படுத்தும் வகைக்கு ஏற்பாடு நடந்தது.

ஆக, நேர்கோடு, உற்பத்தியாளர் சட்டையைப் பிடிக்கவும் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் வீட்டில் பிரித்தவர்களிடமிருந்துதான் வரும். எல்லாம் கலந்து நாறும் குவியலைக் காட்டி யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

நேர்கோடு

மிஞ்சிய பையைத் திறந்து பார்ப்பது... இதை நான் யோசித்ததில்லை. சரி, இந்த ஒரு வேலைக்கு நான் வருகிறேன். எந்தெந்த உறை எவ்வளவு என்று கணக்கெடுக்க ஒரு படிவம் தயாரித்துத் தருகிறேன்.

பொன்னி

பரிசு பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991இல் ஒரு திட்டம் தொடங்கியது. 4 கிலோ மறுசுழற்சிப் பொருள் கொண்டுவந்தால் 1 கிலோ காய்கறி, பழம். சுற்றுவட்டார விவசாயிகளிடம் விற்காமல் தேங்கியதை நகராட்சியே வாங்கிக் கொடுத்தது. இல்லாதவர்கள் வீட்டுக்கு அது உண்மையான உதவி, விவசாயிக்கும் உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வசதியான குடியிருப்பில் எடைக்குப் பரிசு கொடுப்பது வேறு. எடைக்கு என்றால் நிறைய வாங்கி நிறையத் தூக்கிப் போடுகிறவருக்குத்தான் பரிசு. குறைவாக வாங்கி, பையை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறவர் கடைசி இடத்தில் நிற்பார். பரிசு நின்ற அன்று பழக்கமும் நின்றுவிடும். அபராதம் என்றால் குப்பை இருட்டில் காலி மனைக்குப் போகும். வேப்பமரத்துக்கு இரண்டிலும் மனம் ஒப்பாதது சரிதான்.

பெருவழி

எல்லாம் படித்தேன். ஒருவரைப் பற்றி இன்னும் யாருமே சரியாகப் பேசவில்லை. எடைத்தட்டு ஒருவர்தான் தொட்டார். தினமும் அந்தத் தொட்டியில் கைவிடுகிறவர்.

மறுசுழற்சி என்பது நாம் கூட்டம் போட்டு ஆரம்பித்த காரியம் அல்ல. நாம் ஆரம்பிக்கும் முன்பே தெருவில் பொறுக்கிப் பிரித்து விற்றுப் பிழைத்தவர்கள் செய்துகொண்டிருந்தது. கெய்ரோவில் ஸபாலீன் என்று சொல்வார்கள், குப்பை எடுப்பதே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். சேகரித்ததில் 80% வரை மறுசுழற்சி செய்தார்கள். 2003இல் நகரம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. வீட்டு வாசலில் வந்து எடுத்தவர்களை ஒதுக்கிவிட்டுத் தெருமுனையில் தொட்டி வைத்தார்கள். அந்த நிறுவனங்கள் அந்த அளவை எட்டவில்லை, இவர்கள் பிழைப்பும் போனது.

புனேயில் நடந்தது வேறு. அங்கே குப்பை பொறுக்குகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்று சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து ஸ்வச் என்ற கூட்டுறவு வந்தது. 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம். வீட்டுக்கு வீடு சென்று எடுக்கிறார்கள், வீடுகள் சேவைக் கட்டணம் கொடுக்கின்றன, விற்பனைக்கு ஆகும் பொருளின் வருமானம் அவர்களுக்கே. பயன்படுத்திய நாப்கின்களைக் கையால் பிரிக்கும் கொடுமையைச் சொல்ல 2013இல் அந்தப் பெண்கள் நாப்கின் கழிவைப் பைகளில் கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். நேர்கோடு கேட்கும் கேள்வியை அதைவிட வலுவாகக் கேட்க முடியுமா? கொலம்பியாவின் பொகோதாவில் நோரா பதில்லா தலைமையில் மறுசுழற்சித் தொழிலாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2013 முதல் அவர்களின் சேவைக்கு நகரம் பணம் கொடுக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? குடியிருப்பில் மறுசுழற்சி தொடங்கும்போது பலரும் முதலில் செய்வது, நல்ல விலை போகும் பாட்டிலையும் அட்டையையும் சங்கமே எடுத்து விற்றுக்கொள்வது. அதுவரை அதை விற்று நாலு காசு பார்த்த தூய்மைப் பணியாளருக்கு மிஞ்சுவது நாறும் பைதான். அவர் ஏன் உங்கள் திட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்? வேப்பமரம், உங்கள் குடியிருப்பில் விற்ற காசு யாருக்குப் போகிறது?

வேப்பமரம்

சங்கக் கணக்கில்தான் சேர்கிறது, செடி வாங்கப் பயன்படுத்துகிறோம். இந்தக் கேள்வியை அப்படியே கூட்டத்தில் வைக்கிறேன். குப்பை எடுக்கும் அம்மாவைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவரிடம்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும், எந்த வீட்டுப் பை எப்படி வருகிறது என்று.

எடைத்தட்டு

பெருவழி ஐயா, மனசு நிறைஞ்சு போச்சு.

அவங்க கைக்காக ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிடறேன். உடைஞ்ச கண்ணாடிய அப்படியே பையில போடாதீங்க, கெட்டிக் காகிதத்துல சுத்தி மேல கண்ணாடின்னு எழுதுங்க. நாப்கின், டயாப்பரையும் அதே மாதிரி காகிதத்துல சுத்தி, தொடாமலே அடையாளம் தெரியற மாதிரி சிவப்புப் புள்ளி வெச்சுத் தனியா கொடுங்க. அப்புறம் பழைய போன், பவர்பேங்க் பேட்டரி. இத உலர் குப்பையில போட்டா வண்டியில நசுங்கி தீப்பிடிக்கும். காகித மூட்டைக்கு நடுவுல பத்திக்கிட்டா கிடங்கே போயிடும். அதுக்கு ஒரு தனி டப்பா வெச்சே ஆகணும்.

மட்கும்மண்

தாமதமாக வருகிறேன். எடைத்தட்டு சொன்ன எதிரி ஈரம். அந்த ஈரத்தை வாசலைத் தாண்டவிடாமல் செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிகிறது. உலக வங்கியின் 2018 அறிக்கைப்படி உலகின் நகரக் கழிவில் 44% உணவும் இலைதழையும்தான். கமிகாட்சுவிலும் உணவுக் கழிவு நிலையத்துக்கு வருவதில்லை, வீட்டிலேயே உரமாகிறது. அதனால்தான் மற்ற வகைகளை நாற்றமில்லாமல் கையாள முடிகிறது.

உரத்தொட்டி வைத்துவிட்டு நாறுகிறது, புழு வருகிறது என்று கைவிடுகிறவர்கள் அதிகம். காரணம் அநேகமாக ஒன்றே: காய்ந்த பொருள் போதவில்லை. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும், காய்ந்த பொருளில்தான் கார்பன் அதிகம். காய்கறித் தோல் மட்டும் போட்டால் நைட்ரஜனும் நீரும் அதிகமாகி, காற்று போக வழியில்லாமல் அழுகும். ஒவ்வொரு முறை போடும்போதும் மேலே காய்ந்த சருகு அல்லது மரத்தூளைக் கைநிறையப் போட்டு மூட வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. குவியல் பெரிதாக இருந்தால் நடுவில் 55 பாகை வரை சூடேறும். கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூட்டை ஒருமுறை உணர்ந்த பிள்ளைகள் அப்புறம் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள், ஓவியப் போட்டியெல்லாம் தேவைப்படாது.

என் கருத்தில், உரத்திலிருந்து தொடங்குங்கள். போட்டது என்னவாயிற்று என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஓரிரு மாதத்தில் அவரவரே கையில் அள்ளிப் பார்ப்பார்கள்.

கயல்

என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

வேப்பமரம்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போகப் போவது இது. உலர் குப்பை விற்ற காசு தூய்மைப் பணியாளருக்கே. அவரும் கூட்டத்தில் உட்காருவார். தளத்துக்கு ஒரு வீட்டுக்காரர், ஏற்கெனவே நன்றாகப் பிரிக்கிறவராகப் பார்த்து, பக்கத்து வீடுகளிடம் பேசுவார். கீழே தொட்டிக்கு மேல் ஒரு பலகை: போன வாரம் எவ்வளவு போனது, எங்கே போனது. மிஞ்சிய பையை நேர்கோட்டின் படிவத்தோடு மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். கிடங்குக்குப் போகப் பத்துப் பேர் வேண்டும், ஆறு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். உரத்தொட்டிக்கு நிழலான இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எடைத்தட்டு அண்ணாவிடம் ஒரு சந்தேகம். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா? தண்ணீர் தட்டுப்பாடு இருக்கும்போது இதற்கும் தண்ணீரா என்று ஒருவர் கேட்கிறார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

எடைத்தட்டு

சோப்பெல்லாம் வேண்டாங்க. பாத்திரம் கழுவி மிச்சமான தண்ணியில ஒரு குலுக்கு, கவுத்து வெச்சா காஞ்சிடும். மூடியத் திறந்து காத்த வெளியேத்தி நசுக்கி, மறுபடி மூடி போட்டுடுங்க, மூட்டையில எடம் மிச்சம். கிடங்குக்கு வர்றதுன்னா காலை நேரத்துல வாங்க, பிரிக்கிற வேலை அப்பத்தான் நடக்கும். மூடின செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க.